தமிழ்நிலா சேட்டையை நிறுத்தினாள்

மரக்காணம்
20.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறவளுக்குத் தபாலில் எழுதுவது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. போஸ்ட் ஆபீசில் கவர் கேட்டபோது அந்த சார், "வேலைக்கு அப்ளிகேஷனாம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீ என் நம்பரை பிளாக் செய்து எட்டு நாள் ஆகிறது. அப்பா போனிலிருந்து கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. கோட்டக்குப்பத்துக்கே வந்து நின்றாலும் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும். அதனால்தான் இது.

மாசி மகத்தன்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வருஷத்துக்கு நாலு தடவை வந்துவிட்டுப் போகிறவளுக்குப் பெற்ற பிள்ளையைக்கூடத் தண்டிக்க உரிமை இல்லை என்று சொன்னேன். அதையும் அருக்காணி அத்தை வாசலில் நிற்கும்போது, நிலாவின் முன்னாலேயே சொன்னேன். நீ சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மூன்றே கால் பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

ஆனால் நீ முட்டி போட வைத்த உப்பிலிருந்து அவளைத் தூக்கினதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. முட்டி இரண்டிலும் கல்லுப்பு பதிந்திருந்தது. கழுவும்போது கத்தினாள். நீ வேலை செய்கிற வீட்டில் கொடுத்தனுப்பிய புதுப் பாவாடையை உப்பு வாய்க்காலில் போய் முக்கினது தப்புதான். ஆனால் அக்கா, நீ இரண்டு மாதம் கழித்து வந்தாய். வந்ததும் வீடு கூட்டினாய், அப்பாவின் சட்டைகளைத் துவைத்தாய், குழம்பு வைத்தாய். அவள் உன் புடவையைப் பிடித்துக்கொண்டே பின்னால் சுற்றினாள். நீ "இருடி, வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலுக்குப் போவதற்கு முன்னால் அவள் உன்னை ஐந்து முறை கூப்பிட்டாள்.

நீ போனதிலிருந்து அவள் எங்களை ஒரு வழி பண்ணுகிறாள். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்கிறாள். பக்கத்துப் பெண்ணின் கையைக் கடித்துவிட்டாள். எங்கள் நர்சரிப் பள்ளியிலிருந்து திண்டிவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்களே, அடிக்காமல் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று, அதில் சொன்னதையெல்லாம் செய்து பார்க்கிறேன். அதட்டாமல் இரண்டு வழி கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டுமாம். "பச்சை ரிப்பனா, சிவப்பு ரிப்பனா, நீயே சொல்லுடா" என்றேன். "ரெண்டும் வாணாம். மொட்டை அடிச்சிடு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னிடம் போனில் சொல்லலாம் என்று கை போன பிறகுதான் நினைவு வந்தது.

எடுத்துப் பேசு அக்கா. என்னிடம் வேண்டாம். அவளிடம்.

நிவேதா

*

கோட்டக்குப்பம்
26.3.2025

நிவேதாவுக்கு,

லெட்டர் வந்துது. இந்த வீட்டுப் பொண்ணுதான் கொண்டாந்து குடுத்தா. "அக்கா, உங்களுக்குக்கூட லெட்டர் வருதா, யாரு லவ்வரா?"ன்னு கேட்டு ஒரே சிரிப்பு. நோன்பு நேரத்துல அவங்களுக்கும் பொழுது போகணும்.

நான் போன் எடுக்கல, ஏன்னா போன்ல உன் கிட்ட பேசி ஜெயிக்க முடியாது. நீ படிச்சவ. நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ நாலு சொல்லுவ. கூச்ச சுபாவம்னு ஊர்ல பேரு, என் கிட்ட மட்டும் வாய் நல்லா நீளும். எழுதுனா நானும் யோசிச்சு எழுதலாம். எட்டாவது வரைக்கும் என் கையெழுத்து நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க.

உரிமை இல்லன்ன. சரி. உரிமை இல்லாதவ எதுக்குப் பேசணும்? நீயே வளர்த்துக்கோ.

அம்மா செத்தப்போ உனக்கு ஆறு வயசு. அப்பா கோவம் வந்தா பின்பக்கம் மூட்டையில இருந்து ஒரு கை உப்ப அள்ளித் தரையில போடுவாரு. நம்ம ஊர்ல பாதி வீட்ல அப்படித்தான். உன்ன அவரு ஒரு நாளாவது முட்டி போட வெச்சாரா? இல்ல. ஏன்னு யோசிச்சிருக்கியா? மண்ணெண்ணெய் கேன நீ கவுத்த. நான்னு சொன்னேன். ஸ்கூல் பீஸ் கட்டக் குடுத்த ரூவா நோட்ட நீ தொலைச்ச. நான்னு சொன்னேன். உன் பங்கையும் சேத்து நானே போட்டேன். நான் கெட்டா போயிட்டேன்? எனக்குத் தெரிஞ்ச வைத்தியத்த என் புள்ளைக்குப் பண்ணேன். அதுக்கு ஊர் பாக்க எனக்குப் பாடம் எடுக்குற.

பாவாட எனக்கும் அழகாத்தான் இருந்துது. ரெண்டு நாள் தலகாணிக்கு அடியில வெச்சிருந்து எடுத்துட்டு வந்தேன்.

அஞ்சு தடவ கூப்டாளா? எனக்கு அது கேக்கவே இல்ல.

முட்டி ஆறிடுச்சா?

மலர்கொடி

*

மரக்காணம்
2.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி ஆறிவிட்டது. வலது முட்டியில் மட்டும் ஒரு சிறிய தழும்பு இருக்கிறது.

மண்ணெண்ணெய் கேன் எனக்கு நினைவிருக்கிறது. ரூபாய் நோட்டுக்கும் நீதான் பழி ஏற்றாய் என்பது எனக்குத் தெரியாது. நீ சொல்லித்தான் தெரியும். அப்பா என்மேல் பிரியமாக இருந்தார், அதனால்தான் என்னைத் தண்டிக்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு நாளாக இந்தத் தாளை மடித்து வைத்திருந்தேன்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். பள்ளியில் என் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரும்போது தொண்டையில் குரல் இருக்காது. அப்பா விடியற்காலையில் உப்பளத்துக்குப் போனவர், பத்து மணிக்கு வந்து கால் கழுவிச் சாப்பிட்டு, மறுபடியும் மூன்று மணிக்கு உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் நானும் நிலாவும்தான். சோறு கொட்டினால் திட்டாமல் துணியைக் கையில் கொடுத்து, இரண்டு பேரும் சேர்ந்து துடைக்க வேண்டும். கோபத்தில் கத்தினால், கோபமாக இருக்கிறாயா என்று கேட்டுவிட்டு, அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்சியில் அந்த மேடம் இதைச் சொல்லும்போது சுலபமாக இருந்தது. அங்கே மின்விசிறி இருந்தது, நடுவில் டீ கொடுத்தார்கள்.

ஒரு நாள் அவள் மண்ணில் புரண்டு கத்த, நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அருக்காணி அத்தை வேலி ஓரமாக வந்து பார்த்தார்.

"இன்னாம்மா டீச்சரு, ரெண்டு பேரும் வேண்டுதலா?"

"அழுது முடிக்கட்டும் அத்தை. அப்புறம் பேசிக்கலாம்."

"அது எப்போ முடிச்சி, நீ எப்போ சோறாக்கறது? முதுவுல ஒண்ணு வெச்சா ஸ்விட்ச் ஆஃப் பண்ண மாதிரி நின்னுடும். பி.ஏ. படிச்சிட்டு ஒரு குட்டிப் பொண்ணு கிட்ட கெஞ்சிக்கினு ஒக்காந்திருக்கிற!"

நிலா அழுகையை நிறுத்திவிட்டு, "நான் ஒண்ணும் குட்டி இல்ல" என்று அவரிடம் சண்டைக்குப் போனாள். அன்றைக்கு அதோடு முடிந்தது.

இப்போது ஒரு வாரமாக அவளிடம் சேட்டையே இல்லை. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து. எழுப்பாமலே எழுந்திருக்கிறாள். தட்டைக் கழுவி வைக்கிறாள். எந்த ரிப்பன் வேண்டும் என்று கேட்டால், "எதுன்னாலும் சரி சித்தி" என்கிறாள்.

உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றும் இல்லை.

நிவேதா

*

கோட்டக்குப்பம்
9.4.2025

நிவேக்கு,

பெருநாள் முடிஞ்சுது. வீடு முழுக்க ஆளுங்க, மூணு நாள் கால் தரையில படல. இப்பத்தான் ஒக்காந்தேன்.

உன் லெட்டர இந்த வீட்டுப் பொண்ணு கிட்ட படிச்சுக் காட்டுனேன். "உங்க பொண்ணு சமத்தாயிட்டாக்கா"ன்னு அவளுக்கும் சந்தோசம். எனக்கு அன்னிக்கு முழுக்க சிரிச்ச மூஞ்சி. உன் படிப்பு பலிச்சிருச்சுடி. நான்தான் உன்ன தப்பா நெனச்சிட்டேன். எப்படிப் பண்ண, எனக்கும் சொல்லிக் குடு.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. இங்க நான் பாத்துக்குற பெரியம்மாவுக்கு இடுப்பு ஒடஞ்சதுல இருந்து கொழந்த புத்தி. கஞ்சிய ஊட்டுனா துப்புவாங்க. கிண்ணத்தத் தட்டி விடுவாங்க. போன வாரம் என் கன்னத்துல ஒண்ணு வெச்சாங்க. நான் என்ன பண்றேன்? "கோவமா இருக்கீங்களா பெரியம்மா? கொஞ்ச நேரம் கழிச்சி சாப்புடுறீங்களா?"ங்குறேன். தரையத் தொடச்சிட்டு வேற கிண்ணத்துல கொண்டாந்து ஊட்டுறேன். நீ எழுதினியே, அதேதான். உன் மேடம் சொல்லிக் குடுக்காமயே தெரிஞ்சிருக்கு எனக்கு.

அப்பறம் யோசிச்சேன். அந்தப் பொறுமைய மாசச் சம்பளத்துக்கு இங்க குடுத்துடறேன். நான் வீட்டுக்கு வரும்போது மிச்சம் ஒண்ணும் இருக்கறதில்ல. என் புள்ள அஞ்சு தடவ கூப்டறது காதுல விழல. இந்த அம்மா ஒரு தடவ முனகினா தூக்கத்துல இருந்து எழுந்துக்குறேன்.

சரி விடு. அவ திருந்திட்டா இல்ல, அது போதும். இப்படியே இருக்கச் சொல்லு. பள்ளிக்கூட லீவு விட்டதும் பாக்கலாம்.

மலர்கொடி

*

மரக்காணம்
15.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படிப் பண்ணினேன் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். உன்னிடம் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டு எழுதாமல் விட்டுவிட்டேன்.

மார்ச் இருபத்து நாலு, திங்கட்கிழமை. என் வகுப்புப் பிள்ளைகளின் ரேங்க் கார்டுகளைத் தரையில் பரப்பி எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் கொடுக்க வேண்டும். நிலா சாப்பிடமாட்டேன் என்றாள். அம்மா வந்து ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்றாள். சமாதானம் சொன்னேன். இரண்டு வழி கொடுத்துப் பார்த்தேன். அடங்கும்வரை காத்திருந்தும் பார்த்தேன். அவள் ரசம் ஊற்றிய தட்டை எடுத்து ரேங்க் கார்டுகளின் மேல் கவிழ்த்தாள். பதினேழு கார்டு நனைந்துவிட்டது.

கை ஓங்கினேன். ஆனால் அடிக்கவில்லை. அடிக்காமல் நிறுத்தினதில் எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. பயிற்சியில் சொன்னது போல அவள் கண் உயரத்துக்குக் குனிந்தேன். குரலை உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

"நீ இப்படிப் பண்றதாலதான் அம்மா போயிட்டாங்க. இன்னமும் இப்படியே இருந்தா வரவே மாட்டாங்க."

அவள் அழவில்லை. துணியை எடுத்து வந்து தானே துடைத்தாள். மறுநாளிலிருந்து சேட்டை நின்றுவிட்டது. இதைத்தான் நான் உனக்கு எழுதினேன்.

முதல் இரண்டு நாள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது அக்கா, பொய் சொல்ல மாட்டேன். வெகு நாளைக்குப் பிறகு வேலையெல்லாம் முடித்துவிட்டு நேரத்தோடு படுத்தேன். அதற்குப் பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன். தண்ணீர் வேண்டும் என்றுகூட அவள் கேட்பதில்லை. தாகம் எடுத்தால் குடத்தின் பக்கத்தில் போய் நிற்கிறாள். விளையாடும்போது நடுவில் ஓடி வந்து, "சித்தி, இன்னிக்கு நான் நல்லாதானே இருந்தேன்?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். ஆமாம் என்றால் சிரிப்பதில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறாள். ஊரே பாராட்டுகிறது. "பாரு, டீச்சரம்மா ஜெயிச்சிட்டா" என்று அருக்காணி அத்தை குழாயடியில் சொல்கிறார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கண்ணாடி டம்ளர் அவள் கை தவறி உடைந்துவிட்டது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. பின்பக்கம் போனால், மூட்டையிலிருந்து தானே உப்பை அள்ளித் தரையில் பரப்பி, அதன்மேல் முட்டி போட்டிருக்கிறாள். பாவாடையை மேலே தூக்கிச் சரியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள், உப்பு நேராகப் படவேண்டும் என்று.

"யாருடா உன்ன முட்டி போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானேதான். டம்ளர் ஒடஞ்சிடுச்சி. அம்மாகிட்ட சொல்லாத சித்தி. நான்தான் முட்டி போட்டுட்டேன் இல்ல?"

தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மா போனது உன்னால் இல்லை, சித்தி பொய் சொன்னேன், சித்தி சொன்னதுதான் தப்பு என்றேன். அன்றைக்கு மட்டும் முப்பது தடவை சொல்லியிருப்பேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பாவும் நான் சேட்டை பண்ணதாலதான் போனாங்களா?" என்று கேட்டாள்.

மாமா வேறு குடும்பம் என்று போனபோது அவளுக்கு மூன்று வயது. இத்தனை நாள் அவள் கேட்டதில்லை.

அப்பா அளத்திலிருந்து வந்து அவள் முட்டியைப் பார்த்தார். என்ன ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாததா. அந்த மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அருக்காணி அத்தை வீட்டு வாசலில் போட்டார். "இன்னாண்ணே இது? ஊரே உப்பு, எனக்கு எதுக்கு ஒரு மூட்ட?" என்று அத்தை கத்தினார். அப்பா திரும்பிப் பார்க்காமல் வந்து, கை கால் கழுவாமலே உட்கார்ந்துவிட்டார். உன் பேரைச் சொன்னார்.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது.

நிவேதா

*

கோட்டக்குப்பம்
21.4.2025

நிவே,

படிச்சேன். மறுபடி மறுபடி படிச்சேன். பெரியம்மா "ஏன் அழுவுற?"ன்னு கேட்டாங்க. வெங்காயம்னேன்.

உன்னத் திட்டத்தான் பேனா எடுத்தேன். என் புள்ள கிட்ட அப்படிச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சின்னு ஒரு பக்கம் எழுதுனேன். கிழிச்சிட்டேன். போனது நான். உன் கிட்ட கோவப்பட்டுட்டு ஒரு மாசத்துக்கு மேல அவ கிட்ட பேசாம இருந்ததும் நான். நீ சொன்னது பொய்யின்னு அவ எப்படி நம்புவா?

சனிக்கிழம அப்பா போனுக்குப் பண்ணேன். நீ கடைக்குப் போயிருந்தியாம். அப்பா என் கொரல கேட்டதும் அவ கையில குடுத்துட்டாரு. "அம்மா உன்னால போகலடி செல்லம், வேலைக்குத்தான் வந்திருக்கேன்"னு சொன்னேன். "சரிம்மா"ன்னா. "உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?"ன்னேன். "ஒண்ணும் வேணாம்மா. நான் சேட்ட பண்ணலம்மா. தாத்தா போன்ல சார்ஜ் போயிடும், வெக்கிறேன்"னு வெச்சிட்டா. முன்னல்லாம் போன புடுங்கினாதான் விடுவா.

ஆறு வயசுப் புள்ள என் கிட்ட மரியாதையா பேசுது நிவே. யாரோ வெளியாளு கிட்ட பேசற மாதிரி.

நான் என்ன பண்ணணும் சொல்லு. நீ படிச்சவன்னு சொல்லல. நீ கூட இருந்து பாக்கறவ. சொல்லு, கேக்கறேன்.

அக்கா

*

மரக்காணம்
26.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தூங்க வேண்டும் போல இருக்கிறது. காலையில் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு எடுத்தேன் என்று நின்றுகொண்டிருந்தேன். நிலாதான் "தண்ணி புடிக்கணும் சித்தி" என்றாள்.

நீ கேட்டதிலிருந்து நானும் யோசித்தேன். பயிற்சி நோட்டைப் புரட்டினேன். அதில் சேட்டை செய்கிற பிள்ளைக்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பயந்து நல்ல பிள்ளையாகிவிட்டவளுக்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இனிமேல் வாயால் சொல்லி அவளை நம்ப வைக்க முடியாது. நான் சொன்னேன், நீ சொன்னாய், சரி சரி என்கிறாள். அவள் நம்பினது அவள் கண்ணால் பார்த்ததை. பாவாடையை நனைத்தாள், நீ பஸ் ஏறினாய். அதற்கு மாறாக ஒன்றை அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

நேற்று ஒன்று நடந்தது. கோலப்பொடி டப்பாவை எடுத்துத் தரையில் கொட்டப் போனவள், என்னைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டாள். "கொட்டு, ஒண்ணும் ஆகாது" என்றேன். "வாணாம். அம்மா வர்ற நேரம்" என்றாள். நீ வருகிறாய் என்று நான் சொல்லவே இல்லை. தினமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறாள் போலிருக்கிறது.

நான் உன்னிடம் கேட்க நினைத்ததை முதல் கடிதத்திலிருந்தே எழுதாமல் வைத்திருக்கிறேன். எழுதினால், நான் உன்னை அப்படிப் பேசினதற்கு நீயே வந்து சரி செய் என்று சொல்வதாக ஆகிவிடுமோ என்று கூச்சம். பெரியம்மாவை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது என்றும் தெரியும். நான் களைத்துவிட்டேன் அக்கா. இது என் கையால் ஆகிற வேலை இல்லை.

அந்த வீட்டில் கேட்டு ஒரு வாரம் லீவு வாங்கிக்கொண்டு வா. வந்து வீடு கூட்டாதே. துணியைத் தொடாதே. நானும் அப்பாவும் பார்த்துக்கொள்வோம். நீ அவளோடு இரு. இரண்டு நாள், மூன்று நாள் அவள் நல்ல பிள்ளையாகவே இருப்பாள், நீ அதை நம்பிவிடாதே. என்றைக்காவது ஒரு நேரம் உன் முன்னால் எதையாவது தள்ளிவிடுவாள், இல்லை மாட்டேன் என்று கத்துவாள். அது வரைக்கும் இரு. அன்றைக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் பஸ் ஏறிவிடாதே. மறுநாள் காலையில் அவள் கண் விழிக்கும்போது, பக்கத்தில் நீ படுத்திருக்க வேண்டும்.

நிவேதா